பல்கலைக்கழகம் மாணவரை வேலைக்கும் ஊருக்கும் எப்படித் தயார்ப்படுத்துகிறது?

பல்கலைக்கழகங்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது இரண்டு வாக்குறுதிகள் தவறாமல் வரும். ஒன்று, எங்களிடம் படித்தால் நல்ல வேலை கிடைக்கும். மற்றது, எங்கள் பட்டதாரிகள் சமூகத்துக்குப் பயன்படுவார்கள். மாணவரும் பெற்றோரும் முதல் வாக்குறுதியைக் கூர்ந்து படிக்கிறார்கள். இரண்டாவதை அலங்கார வாசகம் என்று கடந்துவிடுகிறார்கள். பல்கலைக்கழகங்களும் பெரும்பாலும் இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன. வேலைக்கு ஓர் அலுவலகம், சேவைக்கு ஓர் அமைப்பு, பாடத்துக்கு வகுப்பறை. இந்த மூன்றுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லாமலே ஒரு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறிவிட முடியும்.

இந்தப் பிரிவினை தவறு என்பது என் உறுதியான கருத்து. நல்ல வேலைக்கான தகுதியும் ஊருக்குப் பயன்படும் திறனும் ஒரே பயிற்சியிலிருந்துதான் வருகின்றன. அந்தப் பயிற்சியை எளிமையாகச் சொல்லிவிடலாம். தேர்வாளரைத் தவிர வேறு யாருக்காவது தேவைப்படும் ஒரு வேலையை மாணவர் படிக்கும் காலத்திலேயே செய்ய வேண்டும். அதில் பிழை இருந்தால் ஒருவர் தயங்காமல் சுட்டிக்காட்ட வேண்டும். நடந்ததைப் பாடத்தோடு சேர்த்து யோசிக்க நேரமும் தர வேண்டும். சொல்வது எளிது, இதை ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு ஒழுங்காக ஏற்பாடு செய்வதில்தான் ஒரு பல்கலைக்கழகத்தின் தரம் தெரிகிறது.

மனநிறைவு தரும் பணி எது?

சம்பளம் முக்கியம். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருகிற பிள்ளையிடம் 'பணம் பெரிதல்ல' என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் கைநிறையச் சம்பளம் வாங்கியும் காலையில் வேலைக்குக் கிளம்ப மனம் வராதவர்கள் எங்கும் இருக்கிறார்கள். இது ஏன் என்று ரிச்சர்ட் ஹாக்மன், கிரெக் ஓல்டாம் என்ற இரு ஆய்வாளர்கள் 1970களில் ஆராய்ந்தார்கள். வேலையின் அமைப்பிலேயே உள்ள ஐந்து கூறுகளை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். பல திறன்களைப் பயன்படுத்த வாய்ப்பு இருக்கிறதா? ஒரு காரியத்தைத் தொடங்கி முடிவுவரை கொண்டுபோக முடிகிறதா? அது பிறர் வாழ்க்கையில் மாற்றத்தை உண்டாக்குகிறதா? எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை உண்டா? செய்தது சரியாக வந்ததா என்று தெரிகிறதா? இந்த ஐந்தும் கூடக் கூட வேலையில் ஈடுபாடும் கூடுகிறது என்றார்கள்.

இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு சாதாரண செமஸ்டரைப் பார்த்துக் கேளுங்கள். பாடம் அலகு அலகாக வருகிறது. எதையும் முழுமையாகச் செய்து பார்க்க இடமில்லை. கேள்வியை வேறொருவர் தேர்ந்தெடுக்கிறார். விடையைப் படிப்பவர் ஒரே ஒருவர், அவருக்கும் அந்த விடை முன்பே தெரியும். படித்து முடித்ததும் விடைத்தாள் கட்டுக்குள் போய்விடுகிறது. பல வாரங்கள் கழித்து வரும் மதிப்பெண், எங்கே தவறினோம் என்று சொல்வதில்லை. இப்படி மூன்று நான்கு ஆண்டுகள் பழகிய ஒருவர் முதல் வேலையில் சேர்ந்ததும் திகைத்து நிற்பதில் வியப்பு இல்லை. அவர் அறிவில் குறைந்தவர் அல்ல. தன் உழைப்பை இன்னொருவர் பயன்படுத்தும் நிலையை அவர் அதற்கு முன் சந்தித்ததே இல்லை.

உளவியலாளர் ஆடம் கிராண்டும் அவருடைய சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே நன்றாகப் பொருந்தும். ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை திரட்டும் ஊழியர்களை அவர்கள் கவனித்தார்கள். அந்த நன்கொடையால் உதவித்தொகை பெற்றுப் படிக்கும் ஒரு மாணவரைச் சில ஊழியர்கள் சில நிமிடங்கள் நேரில் சந்தித்துப் பேசினார்கள். மற்றவர்களுக்கு அந்தச் சந்திப்பு இல்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, சந்தித்தவர்கள் தொலைபேசியில் செலவிட்ட நேரமும் திரட்டிய தொகையும் இரு மடங்கைத் தாண்டியிருந்தன. மற்றவர்களிடம் அப்படி மாற்றம் இல்லை. புதுப் பயிற்சி கிடையாது, சம்பள உயர்வு கிடையாது. தங்கள் உழைப்பு யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். வேலையில் நிறைவு வேண்டும் என்றால் அந்த வேலையால் பயன்பெறுபவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சமூகப் பயன் என்ற இரண்டாவது வாக்குறுதி முதலாவதோடு சேரும் இடம் இதுதான்.

ஒரு பாட்டில் கிணற்று நீர்

ஒரு சிறு உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். வேதியியல் படிக்கும் மாணவி ஒருவர் ஆய்வகத்தில் நீரில் உள்ள நைட்ரேட்டின் அளவைக் கண்டுபிடிக்கக் கற்கிறார். அவருக்குத் தரப்படும் கரைசல் ஏற்கெனவே தயாரிக்கப்பட்டது. சரியான விடை ஆசிரியரின் குறிப்பேட்டில் இருக்கிறது. அவர் 12 என்று எழுதுகிறார். அலகு போடும் இடத்தில் லிட்டருக்கு மில்லிகிராம் என்று எழுதி, செய்முறைப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

அதே மாணவி இப்போது ஓர் ஊரில் வீட்டுக் கிணறுகளின் நீரைச் சோதிக்கும் குழுவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கேயும் 12 என்று வருகிறது. ஆனால் 12 எது? நைட்ரேட் அயனியாகவா, அதாவது முழு நைட்ரேட்டின் எடையாகவா, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடையாக மட்டுமா? இரண்டு வழக்கமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குத் தரும் வழிகாட்டு அளவு, நைட்ரேட் அயனியாகக் கணக்கிட்டு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அமெரிக்கச் சட்டம் நைட்ரஜனாகக் கணக்கிட்டு 10 மில்லிகிராம் என்கிறது. நைட்ரஜன் கணக்கை அயனிக் கணக்காக மாற்ற ஏறத்தாழ 4.43ஆல் பெருக்க வேண்டும். அப்படியானால் 12 என்பது அயனிக் கணக்காக இருந்தால் கவலையே இல்லை. நைட்ரஜன் கணக்காக இருந்தால் அது 53, எல்லையைத் தாண்டிய அளவு. தேர்வில் அரை மதிப்பெண் குறைக்கும் ஒரு சிறு குறிப்பு, இங்கே ஒரு கிணற்றைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

அதோடு முடியவில்லை. நீர் மாதிரியைக் குளிர்ச்சியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டும் என்று அவர் பாடத்தில் படித்திருப்பார். அன்றைக்குப் பஸ் தாமதமானால் என்ன செய்வது என்பதைப் பாடம் சொல்லியிருக்காது. வீட்டுக்காரர் ஒருவர் கேட்கிறார், "கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால் மாவு கரைக்கலாமா? கொதிக்க வைத்துவிட்டால் போதுமல்லவா?" அவர் கேட்பது மிகச் சரியான கேள்வி. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் நைட்ரேட்டால் ஆபத்து அதிகம். உடலில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் திறனைக் கெடுக்கும்; குழந்தையின் தோல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் மிச்சமுள்ள நீரில் அதன் செறிவு கூடும். இதையெல்லாம் பயமுறுத்தாமல், குழப்பாமல், ஐந்து வரியில் ஒரு தாளில் எழுதி அந்த வீட்டில் தர வேண்டும்.

அந்த ஐந்து வரிக்குள் மாணவி கற்றவை எத்தனை என்று பாருங்கள். அளவீட்டில் கவனம், எல்லை மதிப்பு எங்கிருந்து வருகிறது என்ற தெளிவு, பிறர் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்பது, எளிய மொழியில் எழுதுவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, காலக்கெடுவுக்குள் முடிப்பது. வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் கேட்கும் தகவல்தொடர்புத் திறன், சிக்கல் தீர்க்கும் திறன், குழுப்பணி எல்லாம் இவைதான். இவற்றுக்கென்று தனியாக இரண்டு நாள் பயிலரங்கு நடத்துவதைவிட, இப்படி ஒரு வேலையின் ஊடாகக் கற்பது ஆழமாகப் பதிகிறது.

இது கற்பனை உதாரணம்தான். ஆனால் இத்தகைய பணி உண்மையிலேயே நடந்து, ஒரு நகரத்தின் நிலையையே மாற்றியிருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃப்ளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் தன் குடிநீரை ஃப்ளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது. நீர் சரியில்லை என்று மக்கள் முறையிட்டார்கள். அதிகாரிகள் பாதுகாப்பானதே என்றார்கள். 2015இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸும் அவருடைய மாணவர்களும் 300 சோதனைப் பெட்டிகளை அந்த நகரத்துக்கு அனுப்பினார்கள். நகரவாசிகளே தங்கள் குழாய்களிலிருந்து மாதிரி எடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மாணவர்கள் ஆய்வகத்தில் சோதித்தார்கள். பல வீடுகளின் நீரில் ஈயம் கவலைக்குரிய அளவில் இருந்தது. முடிவுகள் வெளியானதும் எழுந்த நெருக்கடியில், அதே ஆண்டு அக்டோபரில் நகரம் பழைய நீர் ஆதாரத்துக்குத் திரும்பியது. அந்த மாணவர்களுக்குக் கிடைத்த கல்வியை எந்தத் தேர்வும் தந்திருக்க முடியாது.

வகுப்பும் வேலையும் மாறி மாறி

படிப்பையும் வேலையையும் இணைக்கும் எண்ணம் புதியதல்ல. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பித்த ஹெர்மன் ஷ்னைடர் 1906இல் ஒரு முறையைத் தொடங்கினார். 27 மாணவர்கள் சேர்ந்தார்கள். ஒரு வாரம் வகுப்பில் இருப்பார்கள், அடுத்த வாரம் தொழிற்சாலையில் வேலை செய்வார்கள். இருவர் இருவராக ஜோடி சேர்த்ததால் ஒருவர் வகுப்பில் இருக்கும்போது மற்றவர் தொழிற்சாலையில் இருப்பார். முதலாளிக்கும் வேலை நிற்காது. கூட்டுறவுக் கல்வி என்று பெயர் பெற்ற இந்த முறை பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கப்பட்டபோதே இதைத் தன் அடிப்படையாக வைத்துக்கொண்டது. அங்கே நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறி வரும்.

இதில் மாறி மாறி வருவதுதான் உயிர்நாடி. எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டுக் கடைசி செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் போகிற மாணவர், அங்கே தனக்குத் தெரியாததைக் கண்டுபிடித்தாலும் திரும்பி வந்து கற்க வகுப்பு இல்லை. இடையிலேயே போய்வருகிறவர் கையில் கேள்விகளோடு திரும்புகிறார். தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் அதிர்வதைப் பார்த்துவிட்டு வந்த மாணவருக்கு அதிர்வியல் பாடம் இனி சூத்திரக் குவியலாகத் தெரியாது.

மருத்துவக் கல்வி இதே கருத்தை வேறு திசையிலிருந்து தொட்டது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1969இல் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, உடற்கூறு, உடலியல் என்று பாடம் பாடமாகத் தொடங்கவில்லை. சிறு குழுக்களாக உட்கார்ந்து, ஒரு நோயாளியின் பிரச்சினையை முன்வைத்து, அதைத் தீர்க்க என்னென்ன தெரிய வேண்டும் என்று மாணவர்களே தேடத் தொடங்கினார்கள். அதே 1969இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் மெக்விகர், இளங்கலை மாணவர்களும் பேராசிரியர்களின் ஆராய்ச்சியில் பங்கேற்கும் திட்டத்தைத் தொடங்கினார். முதலாம் ஆண்டு மாணவர் செய்யும் வேலையும் உண்மையான ஆய்வின் ஒரு துண்டாக இருக்கலாம் என்பது அன்றைக்குத் துணிச்சலான எண்ணம்.

ஊரிலிருந்து வரும் கேள்வி

பல்கலைக்கழகம் ஊருக்கு உதவும் என்றால், ஊரின் கேள்விக்கு முதலில் காது கொடுக்க வேண்டும். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பால் சோதனை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் எடைக்குத்தான் விலை. தண்ணீர் கலந்தவரும் கொழுப்பு நீக்கியவரும் கெட்டியான பால் ஊற்றியவரும் ஒரே பணம் வாங்கினார்கள். நேர்மையானவருக்குத் தண்டனை போல ஆனது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பாப்காக் 1890இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். பாலோடு கந்தக அமிலம் சேர்த்துச் சுழற்றினால் கொழுப்பு தனியே பிரிந்து குப்பியின் கழுத்தில் நிற்கும். அளவுகோட்டைப் பார்த்துப் படித்துவிடலாம். பண்ணையில் வேலை செய்யும் எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய முறை. அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. பாலின் தரத்துக்கேற்ப விலை என்ற நியாயம் அதற்குப் பிறகு சாத்தியமானது.

அடுத்த தலைமுறையில் அதே பல்கலைக்கழகத்தின் தலைவரான சார்லஸ் வான் ஹைஸ், பல்கலைக்கழகத்தின் நன்மை மாநிலத்தின் ஒவ்வொரு வீட்டையும் எட்ட வேண்டும் என்று வலியுறுத்தினார். நெதர்லாந்தில் 1970களில் மாணவர்களும் ஆசிரியர்களும் இன்னொரு வழி கண்டார்கள். அறிவியல் கடை என்று அதற்குப் பெயர். பணம் கொடுத்து ஆய்வு செய்ய முடியாத ஊர்க் குழுக்களும் தொழிற்சங்கங்களும் தங்கள் கேள்வியை அங்கே கொண்டுவந்து தரலாம். எங்கள் தெருவின் இரைச்சல் அளவு எவ்வளவு, இந்த ஆலைக் கழிவில் என்ன இருக்கிறது என்பது போன்ற கேள்விகள். மாணவர்கள் அவற்றைத் தங்கள் பாடத்தின் பகுதியாக, ஆசிரியரின் மேற்பார்வையில் ஆராய்ந்து விடை தருவார்கள். கேள்வி ஊரிடமிருந்து வருகிறது. மதிப்பெண் பல்கலைக்கழகத்திடமிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் லாபம்.

சில நாடுகள் சேவையைக் கட்டாயமாகவே ஆக்கியிருக்கின்றன. மெக்சிகோவில் பட்டம் பெற வேண்டுமானால் குறைந்தது 480 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். கட்டாயம் நல்லதா என்ற விவாதம் எளிதில் தீராது. என்னைக் கேட்டால், மணிக்கணக்கைவிட அந்த மணிகளில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. வேதியியல் மாணவர் சுவருக்கு வெள்ளையடிப்பதும் சேவைதான். ஆனால் அவர் படிப்பால் மட்டுமே செய்ய முடிகிற ஒன்றை ஊர் அப்போது இழந்துவிடுகிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். செமஸ்டருக்கு ஒரு கால அட்டவணை உண்டு. ஊருக்கு அது கிடையாது. மாணவர்கள் படிவங்களோடு வருகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், புகைப்படம் எடுக்கிறார்கள், தேர்வு வந்ததும் போய்விடுகிறார்கள். அடுத்த ஆண்டு வேறு மாணவர்கள் அதே படிவங்களோடு வருகிறார்கள். முந்தைய ஆய்வின் முடிவு என்ன என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இது சேவை அல்ல, சிரமம். இதைத் தவிர்க்கப் பல்கலைக்கழகம் சில கடமைகளை ஏற்க வேண்டும். ஒரே ஊரோடு பல ஆண்டுகள் தொடர்பில் இருக்க வேண்டும். மாணவர் மாறினாலும் மாறாத ஓர் ஊழியர் அந்தத் தொடர்பைக் காக்க வேண்டும். எது ஆராயப்பட வேண்டும் என்று ஊர்க்காரரே சொல்ல வேண்டும். முடிவு முதலில் அவர்களுக்கே, அவர்கள் மொழியில், அவர்களால் படிக்க முடிகிற வடிவில் போக வேண்டும்.

யோசிக்கும் நேரமும் கவனிக்கும் ஆசிரியரும்

அனுபவம் மட்டுமே கற்பித்துவிடாது. பத்து ஆண்டுகள் ஒரே பிழையைச் செய்துகொண்டிருப்பவர்கள் உண்டு. கல்வி ஆய்வாளர் டேவிட் கோல்ப் 1984இல் விவரித்த கற்றல் சுழற்சியில் நான்கு படிகள் இருக்கின்றன: ஒன்றைச் செய்வது, நடந்ததைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து பொதுவான கருத்தை எடுப்பது, அந்தக் கருத்தை அடுத்த முறை சோதித்துப் பார்ப்பது. பெரும்பாலான இன்டர்ன்ஷிப்கள் முதல் படியோடு நின்றுவிடுகின்றன. 'நிறையக் கற்றுக்கொண்டேன்' என்று முடியும் அறிக்கையைத் துறையில் வைத்துவிட்டுப் போவார்கள். நான் கேட்க விரும்பும் அறிக்கை வேறு. எந்த முடிவை எடுத்தீர்கள்? எந்தத் தகவலை நம்பி எடுத்தீர்கள்? எது எதிர்பார்த்தபடி நடக்கவில்லை? பாடத்தில் படித்த எந்தக் கருத்து அங்கே பொருந்தவில்லை, ஏன்? இந்த நான்கு கேள்விகளோடு ஒரு பேராசிரியர் மாணவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால், மூன்று மாத வேலையின் பயன் பன்மடங்காகும்.

அந்தப் பேராசிரியர் இருக்கிறாரா என்பதுதான் பெரிய கேள்வி. கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் அமெரிக்காவில் 30,000க்கும் மேற்பட்ட பட்டதாரிகளிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. தன்னைத் தனிமனிதராக மதித்துக் கவனித்த பேராசிரியர், கற்றலில் ஆர்வத்தை மூட்டிய ஆசிரியர், கனவைத் தொடர ஊக்குவித்த வழிகாட்டி ஆகிய மூன்றும் வாய்த்தவர்கள் பிற்காலத்தில் வேலையில் ஈடுபாட்டோடு இருக்கும் வாய்ப்பு இரு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. படித்தது பெயர்பெற்ற நிறுவனமா, சாதாரண நிறுவனமா என்பது அந்த அளவு வேறுபாட்டைத் தரவில்லை. ஆனால் இந்த மூன்றும் தங்களுக்குக் கிடைத்தன என்று உறுதியாகச் சொன்னவர்கள் 14 சதவீதம்தான். இது நினைவைக் கேட்டு எடுத்த ஆய்வு. ஆசிரியரின் அக்கறைதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து நிறுவ முடியாது. என்றாலும் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற எண்ணை நான் கட்டடங்களின் உயரத்தைவிட முக்கியமாகப் பார்ப்பேன்.

வெளியே வேலை செய்வதால் இன்னொரு நன்மையும் உண்டு: அறிமுகங்கள் விரியும். வேலை தேடியவர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் ஒரு வியப்பான முடிவைச் சொன்னார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் ஏறத்தாழ 17 சதவீதத்தினர்தான் அந்த நபரை அடிக்கடி சந்திப்பவர்கள். மற்றவர்களுக்கு அவர் எப்போதாவது பார்க்கும் அறிமுகம். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த செய்தி நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் புதிய வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருகிறது. செல்வாக்குள்ள குடும்பப் பிள்ளைகளுக்கு இந்த அறிமுகங்கள் வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றன. இல்லாதவர்களுக்குப் பல்கலைக்கழகம்தான் தர வேண்டும். கிணற்று நீரைச் சோதித்த மாணவி சுகாதார ஆய்வாளரையும் நீர்வாரியப் பொறியாளரையும் ஊராட்சித் தலைவரையும் சந்தித்திருப்பார். அவர்கள் அவருடைய வேலையையும் பார்த்திருப்பார்கள்.

இதே நியாயத்தின் இன்னொரு பக்கம் ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப். படித்துக்கொண்டே சம்பாதித்தாக வேண்டிய மாணவரால் மூன்று மாதம் சும்மா உழைக்க முடியாது. அப்படிப்பட்ட வாய்ப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று ஒரு பல்கலைக்கழகம் சொல்லக் கூடாது. ஊதியம், உதவித்தொகை, அல்லது பாடத்துக்குள்ளேயே கணக்கில் வரும் செயல்திட்டம் என்று ஏதாவது ஒரு வழி இருக்க வேண்டும்.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

'95 சதவீதம் வேலைவாய்ப்பு' என்று பார்த்தால் முதலில் எத்தனை பேரில் என்று கேளுங்கள். சேர்ந்த எல்லோரிலுமா, தேர்ச்சி பெற்றவர்களிலா, வளாக நேர்காணலுக்குப் பதிவு செய்தவர்களில் மட்டுமா? படித்த துறையில் வேலையா, ஏதோ ஒரு வேலையா? ஓராண்டு கழித்து எத்தனை பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள்? சராசரிச் சம்பளம் சொன்னால் இடைநிலை மதிப்பையும் கேளுங்கள். பத்து பேரில் ஒன்பது பேர் தலா 4 பங்கும் ஒருவர் மட்டும் 54 பங்கும் வாங்கினால் சராசரி 9. ஆனால் அந்த 9ஐ வாங்குபவர் ஒருவர்கூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பவரைப் பார்த்தால் 4 என்ற உண்மை தெரியும்.

அதன்பின் இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் போய், 'நீங்கள் செய்த எந்த வேலையை வெளியே ஒருவர் பயன்படுத்துகிறார்?' என்று கேளுங்கள். மூன்று நான்கு பேரிடம் கேட்டும் பதில் வரவில்லை என்றால், எத்தனை ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருக்கின்றன என்ற பட்டியலால் பயனில்லை. ஊர்ப்பணிக்குப் பாடத்தில் கிரெடிட் உண்டா, அதை வழிநடத்தும் ஆசிரியருக்குப் பதவி உயர்வில் அது கணக்கில் வருமா என்பதையும் விசாரிக்கலாம். கணக்கில் வராத வேலையை நல்லெண்ணத்தால் மட்டும் ஓர் ஆசிரியர் நீண்ட காலம் சுமக்க முடியாது.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவருக்கும், இந்த ஏற்பாடுகள் எதுவும் இல்லாத இடத்தில் படிப்பவருக்கும் ஒரு வழி உண்டு. எப்படியும் செய்தாக வேண்டிய செயல்திட்டத்தைக் கையில் எடுங்கள். அதன் முடிவு தேவைப்படும் ஒருவரைத் தேடுங்கள். வணிகவியல் படிப்பவருக்கு ஒரு சுய உதவிக் குழுவின் கணக்கேடு, கணினி படிப்பவருக்கு ஒரு நூலகத்தின் நூல் பட்டியல், வரலாறு படிப்பவருக்கு ஒரு பள்ளியின் பழைய ஆவணங்கள். தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே அவர்களைப் போய்ப் பார்த்து, எது வந்தால் உங்களுக்கு உதவும் என்று கேளுங்கள். நீங்கள் நினைத்ததற்கும் அவர்கள் கேட்பதற்கும் இடைவெளி இருந்தால் அவர்கள் பக்கம் சாயுங்கள். உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடம் அதைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இப்படி ஒரு மாணவர் வந்து கேட்பதற்காகக் காத்திருக்கிறார்கள். செமஸ்டர் முடிந்து சில மாதங்கள் கழித்து ஒருமுறை திரும்பிப் போய், நீங்கள் கொடுத்ததை அவர்கள் பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். பயன்படுத்தவில்லை என்றால் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, திருத்த முடிந்ததைத் திருத்திக் கொடுங்கள். வேலைக்கான நேர்காணலில் உங்கள் செயல்திட்டத்தைப் பற்றிக் கேட்கும்போது அந்தத் திருத்தத்தைப் பற்றியும் சொல்லுங்கள்.